ஐஸ் போடுகிறவன் எழுதிய வரலாறு

1

ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். இதைப் போட முடியாது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். ஆகவே அதையே கொஞ்சம் நீட்டி ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். கனடாவில் போய் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு என்ன குறை, இப்படி வயிற்றெரிச்சலைக் கொட்டுகிறானே என்று நீங்கள் சொன்னாலும் சரி. வயிற்றெரிச்சல்தான். மறைக்கவில்லை.

நான் இருப்பது கண்ணுக்கு எட்டிய வரை கோதுமை வயலும் அதன்மேல் பனியும் கிடக்கிற ஒரு சின்ன ஊர். இவர்கள் இதை நகரம் என்பார்கள். நம் பாளையங்கோட்டைக்காரன் வந்து பார்த்தால் இந்த நகரத்தை மார்க்கெட் பக்கம் இரண்டு தெருவில் அடைத்துவிடுவான். இந்த நகரத்துக்கு ஒரு ஐஸ் ஹாக்கிக் குழு இருக்கிறது. பதினாறிலிருந்து இருபது வயது வரை உள்ள பையன்கள் ஆடுவது. ஜூனியர் குழு என்பார்கள். குழுவுக்கு ஒரு பறவையின் பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன பறவை என்று சொல்லப்போவதில்லை. அவர்களுக்கு விளம்பரம் செய்ய நான் என்ன கூலிக்கா இருக்கிறேன்?

இந்த வருஷம் அந்தக் குழுவுக்கு ஆண்டு விழா. விழா மலர் போடுகிறார்கள். மலர்க் குழுவில் பிரெண்டா என்று ஒரு அம்மாள். எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பாள். வேண்டாம் என்று சொல்லும்போது இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பாள். குழுவின் வரலாற்றை எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்த மாதிரி, மனதைத் தொடும்படி எழுத வேண்டும் என்றாள். கூடவே என் மனைவி எஸ்தர் சேலை கட்டி நிற்கிற படம் ஒன்று வேண்டுமாம். எஸ்தர் இங்கே சேலை கட்டுவதை விட்டுப் பல காலம் ஆயிற்று. இந்தக் குளிரில் சேலை கட்டினால் இடுப்பு விறைத்துப்போகும். அதைச் சொன்னேன். சிரித்தாள்.

2

வரலாறு இதுதான். இந்த ஊரில் முன்பு ஒரு மாவு மில் இருந்தது. ரயில் நின்றது. குளிர்காலத்தில் வயலும் படுத்துவிடும், மில்லும் பாதி படுத்துவிடும். ஆண்பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. உறைந்துபோன குளத்தில் கட்டையைத் தட்டிக்கொண்டு திரிந்த மில்காரர் பிள்ளைகளையும் ரயில்வேக்காரர் பிள்ளைகளையும் ஒரு பாதிரியார் கூட்டிச் சேர்த்து, ஒரே நிறத்தில் சட்டை தைத்துக் கொடுத்தார். அதுதான் குழு. அதுவரைக்கும் எனக்கும் வருத்தமில்லை. ஊர்ப் பிள்ளைகள் ஊருக்காக ஆடினார்கள். தோற்றால் அவனவன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான்.

பிறகு அந்த இடத்துக்குக் கூரை போட்டார்கள். ஒரு வருஷம் பனியின் பாரம் தாங்காமல் கூரை உட்கார்ந்துவிட்டது. மறுபடி கட்டினார்கள். ஒரே ஒரு தடவை மாகாணக் கோப்பையை வென்றார்கள். அந்த வருஷத்துப் படம் அரங்கத்து வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. அதில் முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிற பையன்தான் இப்போது ஊருக்கு மேயர். பல் கட்டிக்கொண்டார். ஊரே அந்தப் படத்தைப் பார்த்து இன்னும் பெருமூச்சு விடுகிறது.

மில் மூடிவிட்டது. ரயில் இப்போது நிற்பதில்லை. ஊர்ப் பிள்ளைகள் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஆட ஆள் இல்லை. அத்தோடு குழுவையும் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. வெளியூர்களிலிருந்து பையன்களைக் கொண்டுவந்தார்கள். ஒருவன் ஒத்துவரவில்லை என்றால் அவனை வேறு ஊர்க் குழுவுக்குத் தள்ளிவிட்டு வேறு ஒருவனை வாங்கிக்கொள்வார்கள். பையனைக் கேட்கமாட்டார்கள். தாய் தகப்பனைக் கேட்கமாட்டார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஜனவரியில் ஒரு கடைசி நாள் உண்டு. அந்த நாள் நெருங்க நெருங்க ஒரு பையனும் ஒழுங்காகத் தூங்கமாட்டான். மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பார்த்து, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து, நாலு பேர் முன்னால்தான் பேசி முடிப்பார்கள். இங்கே போனிலேயே முடிந்துவிடும்.

பிரெண்டா அம்மாள் இந்தப் பத்தியில் சிவப்புக் கோடு போட்டிருந்தாள்.

3

எனக்கும் இந்தக் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இவர்கள் ஆடுகிற ஐஸை நான்தான் போடுகிறேன். திருநெல்வேலியில் பாலிடெக்னிக் படித்துவிட்டுத் தூத்துக்குடியில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். அங்கிருந்து துபாய்க்குப் போய்க் குளிர்சாதன வேலை. துபாயிலிருந்து இங்கே. குழுவின் முதலாளிகள் ஒரு சமயம், புது ஐஸ் யந்திரம் வைத்துத் தராவிட்டால் குழுவை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று நகரசபையை மிரட்டினார்கள். நகரசபை பயந்துபோய் யந்திரத்தை வாங்கிவிட்டது. அதை ஓட்டத் தெரிந்த ஆள் உள்ளூரில் இல்லை. என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்த மிரட்டலில் கிடைத்த சோற்றைத்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன். அதற்காக நன்றியோடு இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் இல்லை.

வந்த புதிதில் கூட வேலை செய்கிறவர்களிடம், நானும் பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடியவன்தான் என்று பெருமையாகச் சொன்னேன். பாளையங்கோட்டை விடுதியில் இருந்தபோது தினமும் சாயங்காலம் செம்மண் மைதானத்தில் ஆடுவோம். முழங்காலுக்குக் கீழே பந்து பட்டு வீங்காத நாள் கிடையாது. எங்கே, தரையிலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அது இங்கே பெண்பிள்ளைகள் ஆடுவது என்று சொல்லி ஒருவன் என் தோளைத் தட்டினான். அந்தத் தட்டு இன்னும் எனக்கு ஆறவில்லை.

பெயரையும் பறித்துக்கொண்டார்கள். என் பெயர் ஞானராஜ். அப்பா பெயர் செல்லையா. இங்கே எல்லாருக்கும் குடும்பப் பெயர் வேண்டுமாம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருந்ததோ அதை எடுத்து என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் ஆபீஸிலும் என்னை மிஸ்டர் செல்லையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எஸ்தர் மிஸஸ் ஞானராஜ். ஒரே வீட்டில் இருக்கிற புருஷன் பெண்டாட்டிக்கு ஏன் இரண்டு குடும்பப் பெயர் என்று கேட்டு ஆபீஸுக்கு ஆபீஸ் அலையவிட்டார்கள். என் அப்பா தூத்துக்குடியைத் தாண்டிப் போனதில்லை. அவரைப் போய் இந்தப் பனிக்குள் நின்று இத்தனை பேர் கூப்பிடுகிறார்கள்.

4

எங்களுக்கு ஒரே மகன். ஜோயல். நடை பழகுகிற வயதில் இங்கே வந்தவன். எஸ்தர் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். அப்போது மாலை நேர வேலை. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளை என்னோடு அரங்கத்தில்தான் கிடக்க வேண்டும். வேடிக்கை பார்த்தவன் காலில் சக்கரமில்லாத அந்தக் கத்திச் செருப்பை மாட்டினான். பிறகு கழற்றவே இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகளே இல்லாமல் போன குழுவில் உள்ளூர்ப் பிள்ளையாக அவன் சேர்ந்தபோது ஊரே கொண்டாடியது. முதுகில் ஞானராஜ் என்று எழுதிய சட்டையை முன்பின் தெரியாத கிழவர்கள் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்து எனக்கும் கொஞ்ச நாள் தலை கிறுகிறுத்தது உண்மை.

பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில், ஒரு ஜனவரியில், அவனைத் தள்ளிவிட்டார்கள். பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கிற தூரத்தில் இருக்கிற ஊர். அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்தான். சட்டைகளைப் பைக்குள் திணித்தான். "என்னய்யா, யாரு சொன்னா?" என்று எஸ்தர் கேட்டதற்கு, "சொன்னாங்கம்மா" என்றான். அவ்வளவுதான். அவனுக்குப் பதிலாக இவர்கள் என்ன வாங்கினார்கள் தெரியுமா? ஒன்றும் வாங்கவில்லை. பிற்பாடு ஏதாவது தருகிறோம் என்று அந்தக் குழு சொல்லியிருந்தது. அப்படி ஒரு வழக்கமே இருக்கிறது, அதற்குத் தனிப் பெயரும் இருக்கிறது. என் மகனைக் கொடுத்து இவர்கள் வாங்கியது பிற்பாடு ஏதாவது. அந்த ஏதாவது இன்றைக்கு வரைக்கும் வந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

புது ஊரில் பாடமெல்லாம் மாறிப்போனது. ஒரு வருஷப் படிப்பு வீணாயிற்று. இடுப்பு எலும்பில் அடிபட்டு ஆட்டமும் போயிற்று. அதற்குப் பிறகு எதையோ படித்தான், எங்கெங்கோ வேலை பார்த்தான், எங்களிடம் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் திரும்பி வந்து நின்றான். வேலை கிடைத்துவிட்டது என்றான். எங்கே என்றேன். அவனைத் தள்ளிவிட்ட இதே குழுவின் ஆபீஸிலேயே. வெளியூர்ப் பையன்களுக்குத் தங்க வீடு, படிக்கப் பள்ளிக்கூடம் பார்த்துக் கொடுக்கிற வேலை. தள்ளிவிடுகிற பையன்களுக்குச் சேதி சொல்கிற வேலையும் அவனுடையது. அதை அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டானாம்.

"ஏலே, உனக்கு வெக்கமே கெடையாதா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஹாக்கியைப் பற்றிப் பேசுவதில்லை.

5

இவ்வளவு பகை இருக்கும்போது அந்தக் குழுவின் பையன்களை ஏன் வீட்டில் வைத்துச் சோறு போட்டீர்கள் என்று கேட்கலாம். அது எஸ்தர் செய்தது. ஜோயலை அந்தத் தூரத்து ஊருக்கு அனுப்பிவிட்டு அழுதுகொண்டு கிடந்தவள், கொஞ்ச நாள் கழித்து எழுந்து வந்து சொன்னாள்: "நம்ம பிள்ளைக்கு அங்கன எவளோ ஒருத்தி பொங்கிப் போடுதா. நாம எவ பிள்ளைக்காவது போட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்." அவ்வளவுதான் காரணம்.

வீட்டைப் பார்வையிடக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். படுக்கையைப் பார்த்தாள், கக்கூஸைப் பார்த்தாள், சமையல்கட்டில் நின்று மூக்கை உறிஞ்சினாள். அன்றைக்குப் பார்த்து எஸ்தர் கருவாடு பொரித்திருந்தாள். போலீஸ் விசாரணை வேறு. என் பெயரும் பிறந்த தேதியும் எவனோ ஒரு களவாணியோடு ஒத்துப்போகிறது, கைரேகை வைத்துவிட்டுப் போ என்றார்கள். செல்லையா என்கிற பெயரில் கனடாவில் களவாண்டவன் யார் என்று அறிய எனக்கும் ஆசைதான்.

பையன்கள் வந்தார்கள், போனார்கள். சிலர் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். கடைசியாக வந்தவன் ஈத்தன். பதினேழு வயது. வடக்கே மரம் வெட்டுகிற ஊர்க்காரன். பெரிய உடம்பு, சின்னக் குரல். எஸ்தருடைய தோசையை முதலில் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு அவள் ஊற்றி முடிக்கும் முன்னாலேயே தட்டை நீட்டிக்கொண்டு நிற்பான். அவன் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர் யாரும் இல்லையாம். ஜனவரிக் கடைசியில் அவனுக்குக் கணக்குப் பரீட்சை இருந்தது. எஸ்தர் பொழுது சாய்ந்தால் அவனை மேசையில் உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. சும்மா உட்கார்ந்திருப்பாள். இந்தப் பிள்ளையாவது இந்த வீட்டிலிருந்தே பரீட்சை எழுதிவிட வேண்டும் என்பது அவளுக்கு ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது. எனக்கும் அப்படித்தான். வெளியே சொல்லவில்லை.

6

போன கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்திருந்தேன். என் அண்ணன் தேவராஜின் மகளுக்குக் கல்யாணம். அதோடு ஏரலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வேதக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகையும் வந்தது. எஸ்தர் வரவில்லை. "வீட்ல ஒரு பிள்ள இருக்கான். அவனுக்கு யாரு பொங்கிப் போடுவா?" என்றாள். ஜோயலுக்கு முதலில் லீவு கொடுக்கவில்லை. ஜனவரியில் வருகிற அந்தக் கொடுக்கல் வாங்கல் கடைசி நாளில் ஆள் இல்லாவிட்டால் எப்படி என்றார்களாம். போனிலேயே வேலையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஊரைப் பற்றி ஏதாவது இனிப்பாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆற்றில் அமலைச்செடி மூடிக் கிடக்கிறது. குளிக்க இறங்கினால் சொறிகிறது. வெள்ளத்தில் விழுந்த கோயில் சுவரை மறுபடி கட்டி, அதில் நன்கொடை கொடுத்தவர் பெயரை வேத வசனத்தைவிடப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் சந்தித்த எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பனியெல்லாம் எப்படி?" பனியில்தான் வேலை என்றேன். "குடுத்துவச்சவரு வே" என்றார்கள்.

பண்டிகையன்றைக்குத்தான் அந்தக் கடைசி நாளும் வந்தது. மத்தியானம் ஜோயல் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் பேசுகிற தமிழ் எங்களிடம் கற்ற நெல்லைத் தமிழ். சென்னையில் இறங்கினால் சிரிப்பார்கள்.

"அப்பா, ஈத்தனையும் குடுத்துருவாங்க போலத் தெரியுது. பேச்சு நடக்குது. அம்மாட்ட இப்பச் சொல்ல வேண்டாம்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "அவனுக்குப் பரீட்சை இருக்குலே. உனக்கு நடந்ததையே நீ அவனுக்கும் செய்வியா?"

"நான் செய்யலப்பா. நான் சொல்லத்தான் செய்யுதேன். நான் சொல்லலைன்னா வேற எங்கயாவது கேட்டுருவான்."

"எவனாவது சொல்லிட்டுப் போறான். நீ அந்தப் போனத் தூக்கி ஆத்துல போடு."

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வேலைக்காரன் பேசுகிற பேச்சு என்று எனக்குள் திட்டிக்கொண்டேன்.

7

எங்கள் பக்கத்துக் கோயில்களில் பண்டிகை என்றால் அசனம் உண்டு. ஊர் முழுக்கக் கொடுத்த அரிசியிலும் ஆட்டிலும் பொதுவாகப் பொங்கி, எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துப் போடுகிற சாப்பாடு. பொழுது சாயும் நேரத்தில் பந்தி தொடங்கியது. ஊரில் இருட்டும்போது கனடாவில் காலையாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம்.

பந்தியில் உட்கார்ந்தவன் வரிசை முழுவதும் சாப்பிட்டு முடியாமல் எழுந்திருக்கக் கூடாது. சாப்பிடுகிறவனிடம் கெட்ட சேதியும் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் சாவுச் சேதி கொண்டுவருகிறவன்கூட, உள்ளே ஆள் சாப்பிடுகிறது தெரிந்தால் வாசலில் காத்து நிற்பான். கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் வாயைத் திறப்பான். இதை யாரும் எங்களுக்குப் படித்துக் கொடுக்கவில்லை. மூச்சு விடுகிற மாதிரி அது எங்களுக்குப் பழக்கம்.

கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டு போகிறார்கள். ஜோயலின் சட்டைப்பையில் போன் நடுங்கியது. இடது கையால் எடுத்துப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"முடிஞ்சிட்டுப்பா. நான் அவன்ட்டப் பேசணும்" என்று எழப் பார்த்தான்.

நான் அவன் கையைப் பிடித்தேன். குழம்பு வாளியோடு அண்ணனும் வந்துவிட்டார். "உக்காருலே. பந்தியில இருந்து பாதியில எந்திரிக்கப்பிடாது. எந்தச் சேதியும் சோத்துக்குப் பெறவுதான்." பெரியப்பா சொன்னதை மீற முடியாமல் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே ஈத்தனைக் கூப்பிட்டான். யாரும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் போன் கூடாது. பிரிட்ஜ் மேல் வைத்துவிட வேண்டும். அது எஸ்தர் போட்ட சட்டம்.

நான் முந்திக்கொண்டு எஸ்தரைக் கூப்பிட்டேன்.

"ஏ எஸ்தர், ஈத்தன் என்ன செய்யுதான்?"

"சாப்பிடுதான். தோச ஊத்திக்கிட்டு இருக்கேன். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அவனக் குடுத்துட்டானுவ. ஜோயல் கூப்பிடுவான். பிள்ள சாப்பிட்டு முடியட்டும்."

தோசைக்கல்லின் சத்தம் கேட்டது. பிறகு, "வயிறு ரொம்பாம நான் யார்ட்டயும் போனக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்து ஜோயல் அவளைக் கூப்பிட்டான். அவள் குரல் எனக்கே கேட்டது: "சாப்பிடுதான்லே. பெறவு பேசு." வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை.

"அப்பா, அம்மாட்டச் சொல்லுங்க. இப்பவே நான் பேசணும்."

"நல்ல காரியந்தான் செஞ்சிருக்கா" என்றேன்.

"வெளங்காமப் பேசாதீங்கப்பா." சத்தமாகச் சொல்லிவிட்டான். வரிசையே திரும்பிப் பார்த்தது. இலையைத் தாண்டிக் குதித்து, கை கழுவுகிற குழாய்ப் பக்கம் ஓடினான். "பிள்ள வளத்த லெச்சணம்" என்று எதிர் வரிசையில் ஒரு கிழவர் முணுமுணுத்தார். நான் எழவில்லை. அவர்களுடைய யாவாரத்தை என் பெண்டாட்டி ஒரு தோசைக் கரண்டியால் நிறுத்தி வைத்திருக்கிறாள் என்று எனக்குள்ளே ஒரு கொண்டாட்டம். அன்றைக்குக் கறிக்குழம்பு எனக்கு மிகவும் ருசித்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

8

பந்தி எழுந்த பிறகு குழாயடிக்குப் போனேன். ஜோயல் சுவரில் சாய்ந்து நின்றான். போனில் எஸ்தர் முகம் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

எங்கள் சமையல்கட்டில் காலையில் உள்ளூர் ரேடியோ ஓடும். பனியில் எந்த ரோடு அடைத்திருக்கிறது, பள்ளி பஸ் வருகிறதா இல்லையா என்று சொல்வார்கள். ரோடு நிலவரம் முடிந்ததும் விளையாட்டுச் செய்தி. எஸ்தர் அதைக் காதில் வாங்கமாட்டாள். அன்றைக்கும் அது ஓடுகிறது. ஈத்தன் தோசையைப் பிய்த்து வாயில் வைத்திருக்கிறான். ரேடியோக்காரன் வானிலை சொல்கிற அதே குரலில், நம் குழு இன்னாரைக் கொடுத்து இன்னாரை வாங்கியிருக்கிறது என்று அவன் பெயரைச் சொன்னான்.

"வாயில வச்சத முழுங்கலங்க" என்றாள் எஸ்தர். "என்னயவே பாத்தான். போன் அடிச்சுக்கிட்டே கெடந்தத அவனும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தான். எனக்கு முன்னாடியே தெரியும்னு கண்டுபிடிச்சிட்டான். பெறவு தட்டக் கழுவி வச்சிட்டு, தேங்க்யூன்னுட்டு மாடிக்குப் போயிட்டான். பையில துணிய அடுக்குத சத்தம் கேக்கு. நான் என்ன செய்ய?"

எஸ்தர் போனை வைத்தாள்.

ஜோயல் என்னைப் பார்க்காமல் பேசினான். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை.

"எனக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு நீங்க கேட்டதே இல்லப்பா. ஸ்கூல் கேன்டீன்ல வரிசைல நிக்கேன். பின்னாடி நின்னவன் தோளத் தட்டி, நீ கெளம்பலையா, ரேடியோல சொன்னாங்களேன்னு கேட்டான். எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்காகத்தான் இந்த வேலைக்கே போனேன். குடுக்கதையும் வாங்குததையும் என்னால நிறுத்த முடியாது. ஆனா ரேடியோவுக்குச் சொல்லுததுக்கு முந்தி எனக்குக் கொஞ்ச நேரம் தரணும்னு மேனேஜர்ட்டச் சண்ட போட்டு வாங்கி வச்சிருக்கேன். அந்த நேரத்துல நான் பையன்ட்டப் பேசிருவேன். நான் போனதுல இருந்து ஒருத்தனுக்கும் எனக்கு நடந்த மாதிரி நடக்கல."

அதற்கு மேல் அவன் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை முழுக்கச் சாப்பாட்டில் கழித்தது நாங்கள். இத்தனை காலமாக என் மகன் எதிரியோடு சேர்ந்துவிட்டான் என்று நினைத்திருந்தேன். அந்தக் குழுவில் அந்தப் பையன்களுக்கு இருந்த ஒரே நாதி இவன்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தக் குழுவின் மேல் எனக்கு இருக்கிற பகை ஒரு பிடிகூடக் குறையவில்லை. ஒரு பையனின் பெயரை ரோடு நிலவரத்துக்குப் பக்கத்தில் வாசிக்கிறவர்களை நான் ஏன் மன்னிக்க வேண்டும்? ஆனால் இதை முழுதாக எழுத வேண்டுமென்றால் எங்களையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதினேன். அதைத்தான் பிரெண்டா அம்மாள் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தாள்.

அடுத்த பந்திக்கு ஆள் கூப்பிட்டார்கள். ஜோயல் மறுபடி ஈத்தனின் எண்ணை அழுத்தினான். இந்தத் தடவை எடுத்துவிட்டான். அந்தச் சின்னக் குரல் ஹலோ என்றது எனக்கும் கேட்டது. ஜோயல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இங்கிலீஷில், பைய, நிதானமாகப் பேசினான்.

"நான் ஒரு விருந்தில் இருந்தேன், ஈத்தன். சீக்கிரம் எழுந்துவந்து உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான்தான் தாமதம் செய்துவிட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தப்பு என்னுடையது."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஈரக் கையைத் துடைக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.